எத்தனை குதிரைவலு?

விசாரிப்பாளர் என்றொரு இனம் உண்டு. பொலிஸ்காரரையோ நீதவானையோ சொல்லவில்லை. அவர்களுடைய விசாரணை என்றைக்காவது ஒருநாள் முடிந்து தொலைக்கும். இவர்கள் வேறு. ஒரு சாமான் வாங்க வேண்டுமென்றால் "ஒருக்கா விசாரிச்சுப் பாப்பம்" என்று தொடங்கி, பக்கத்து வீட்டாரை விசாரித்து, பஸ்ஸில் அருகில் இருந்தவரை விசாரித்து, செத்தவீட்டுப் பந்தலுக்குள் வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு விசாரித்து, வந்த பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத காரணத்தால் மறுபடியும் முதலில் இருந்து விசாரிக்கத் தொடங்கும் கனவான்கள். கஞ்சர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். காசு மடியிலேயே இருக்கும். "அட, இதையே வாங்கினனீர்? மற்றதை எல்லோ வாங்கியிருக்க வேணும்!" என்று ஊரில் யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு இவர்களுக்குச் சோறு இறங்காது. அந்தப் பயம்தான். வேறொன்றும் இல்லை.

இந்த இனத்தின் தலைமகன் ஊர்காவற்றுறையில் தச்சுப் பட்டறை வைத்திருந்த சில்வெஸ்ரர். மரத்தின் முன்னால் அவரைப் பார்க்க வேண்டும். கண்ணால் ஒரு தடவை அளந்துவிட்டு வாளை வைத்து அறுத்தாரென்றால் மயிரிழை பிசகாது. அதே மனிதர் கடைவாசலில் நின்றால் ஒரு பூட்டு வாங்கவும் நாக்கு எழும்பாது. வீட்டுப் படலைக்குப் பூட்டு விசாரித்து முடிப்பதற்குள் படலையே உக்கி விழுந்துவிட்டது.

பட்டறைக்குப் பேர் எடுத்துக் கொடுத்தவள் அவருடைய மனைவி மேரிஜோசப்பின். சில்வெஸ்ரர் செய்த அலுமாரியைப் பார்த்தவர்கள் "நல்ல மரம்" என்பார்கள். அவள் பொலிஷ் போட்டு முடித்த பிறகு அதே அலுமாரியில் முகம் பார்த்துத் தலை சீவுவார்கள். பட்டறையோ ஒரே அறை. ஒரு பக்கம் வேலைமேசை, மற்றப் பக்கம் பொலிஷ் வேலை. சில்வெஸ்ரர் வேலை முடித்து மேசையைத் தும்புத்தடியால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், மரத்தூளெல்லாம் எழும்பி, சோளகக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, ஈரப் பொலிஷில் போய்ச் சுகமாகக் குந்திவிடும். மேரிஜோசப்பின் மண்கடதாசியை எடுத்து முதலில் இருந்து தேய்ப்பாள். எத்தனை நாளைக்குத்தான் தேய்ப்பாள்?

கொழும்பில் வெளிநாட்டுச் சாமான்கள் வந்து குவியத் தொடங்கிய காலம் அது.

"இஞ்சாருங்கோ, தூசி உறிஞ்சிற மெசின் எண்டு ஒண்டு வந்திருக்காம். ஒரு கையிலை பிடிக்கிற மாதிரிச் சின்னன் ஒண்டு வாங்கித் தாங்கோ. வேலை முடிய மேசையிலை ஒருக்கா இழுத்துவிட்டால் காணும்."

"ஓம், ஓம். ஒருக்கா விசாரிச்சுப் போட்டு வாங்குவம்."

பாவம், அந்த 'ஒருக்கா'வை அவள் நம்பினாள்.

கொழும்பில் கடை வைத்திருந்து லீவுக்கு வந்த பாலசிங்கத்தை முதலில் பிடித்தார். "உள்ளுக்குப் பை வைச்சதுதான் திறம், அண்ணை" என்றான் அவன். வாங்கப் புறப்பட்டார். வழியில் பள்ளிக்கூடத்து சறோஜினிதேவி ரீச்சர், "பை நிரம்பினால் வேறை பைக்கு எங்கை போவியள்?" என்று கேட்டார். திரும்பி வந்தார். இப்படியே ஒரு சோளகக் காலம் போய், வாடைக் காலம் போய், அடுத்த சோளகமும் வந்துவிட்டது. அதற்குள் உறிஞ்சும் மெசினைப் பற்றி மெசின் செய்தவனுக்கே தெரியாத விஷயமெல்லாம் சில்வெஸ்ரருக்குத் தெரியும். மெசின் மட்டும் இல்லை.

கடைசியில் விசாரணை போய்ச் சேர்ந்த இடம் அல்லைப்பிட்டி. அங்கே மேரிஜோசப்பினின் தமையன் யாக்கோப்பு, வள்ளத்துக்கு மோட்டர் பூட்டிக் கடலுக்குப் போகிறவர். தீவுப்பகுதியில் மோட்டர் என்றால் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதையே யாக்கோப்பும் கேட்டார்.

"உது எத்தனை குதிரைவலு, மச்சான்?"

சில்வெஸ்ரர் திகைத்துப் போனார். இவ்வளவு காலமாக எத்தனை பேரை விசாரித்தார், இந்த மூலக் கேள்வியை ஒருவராவது கேட்டார்களா?

"தெரியாது, மச்சான். கையிலை பிடிக்கிற சாமானாம்."

"என்ரை எட்டுக் குதிரையே வாடைக்கு எதிரை இழுக்குதில்லை. கையிலை பிடிக்கிற சாமான் என்னத்தை இழுக்கப் போகுது? விழல் வேலை பாராமல் வலுவாய்ப் பாத்து எடும்."

யாழ்ப்பாணப் பட்டினத்துக் கடைக்காரர் அடக்கமான சின்ன மெசின் ஒன்றை எடுத்துக் காட்டினார். சில்வெஸ்ரர் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. குதிரைவலுவைத்தான் கேட்டார்.

"இது மேசை துடைக்கிறதுக்கு, ஐயா. கடலிலை விடுறதுக்கில்லை."

சில்வெஸ்ரருக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. விஷயம் தெரியாதவனிடம் சாமான் வாங்குவதா? அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் கோயில் திருநாளுக்கு ஆயர் வருகிறார் என்று முடிவாயிற்று. பங்குச் சுவாமியார் பட்டறைக்கே வந்து, "சில்வெஸ்ரர், ஆயர் இருக்கிறதுக்குப் புதுக் கதிரை வேணும். முகம் தெரிய வேணும் அதிலை" என்று சொல்லிவிட்டுப் போனார். சில்வெஸ்ரர் தலைகீழாக நின்று கதிரையைச் செய்தார். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு கதிரை. மேரிஜோசப்பின் பொலிஷ் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இந்தக் கதிரையிலை ஒரு தூசி விழுந்தாலும் நான் இஞ்சை இருக்க மாட்டன். அண்ணை வீட்டை போய் இருந்து வேலை செய்வன். சொல்லிப் போட்டன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். சில்வெஸ்ரர் உடனேயே பட்டினத்துக்கு ஓடினார். அவசரத்தில் விசாரிப்பாளர் செய்கிற வேலை என்ன தெரியுமா? விசாரித்தது எல்லாவற்றையும் மறந்துவிட்டு, கடைசியாகக் கேட்டதை மட்டும் பிடித்துக்கொள்வார். குதிரைவலு! அங்கே ஒரு பெரிய பழைய மெசின், ஏதோ ஆலையில் கிடந்து வந்ததாம், விலைக்கு வந்திருந்தது. வாங்கிவிட்டார். சில்லுகள், யானைத் தும்பிக்கை போல ஒரு குழாய், பின்பக்கம் கிடாரத்து வாய் போல ஒரு ஓட்டை. லொறியில் வந்து இறங்கியது.

திருநாளுக்கு முந்தின பின்னேரம். கதிரைக்குக் கடைசிப் பூச்சைப் பூசி வைத்துவிட்டு மேரிஜோசப்பின் செபமாலை சொல்லக் கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் மேசையைப் பளிச்சென்று வைத்து அசத்திவிடுவோம் என்று சில்வெஸ்ரர் மெசினை வேலைமேசைக்கு முன்னால் உருட்டிவந்து சுவிச்சைப் போட்டார்.

முன்பக்கம் ஒரு குறையும் இல்லை. மேசையில் இருந்த தூள், சீவல், ஆணி, பொலிஷ் துணி, கதிரை முதுகில் பதிக்க வைத்திருந்த பித்தளைச் சிலுவை எல்லாம் ஒரே விழுங்கு. வினை பின்பக்கத்தில் இருந்தது. உறிஞ்சிய காற்று எங்கேயாவது வெளியே போகத்தானே வேண்டும்? பட்டறை தொடங்கிய நாளில் இருந்து நிலத்திலும் வளையிலும் முகட்டிலும் நிம்மதியாகப் படுத்திருந்த தூசி முழுவதையும் அந்த ஓட்டை எழுப்பி, ஆயருடைய ஈரக் கதிரையில் கொண்டுபோய்க் கொட்டியது. சுவிச்சை நிறுத்தியபோது, பொரிக்க எடுத்து மாவில் புரட்டிய மீனைப் போல நின்றது கதிரை.

மேரிஜோசப்பின் வந்து பார்த்தாள். கதிரைக் கையில் விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

"நான் என்ன கேட்டனான்?"

"சின்னன் ஒண்டு..."

"என்னத்தைக் கொண்டந்தனீங்கள்?"

"நல்ல வலு, மேரி..."

அவ்வளவுதான். ஆளனுப்பி வயல் உழுகிற றைக்ரர் ஒன்றைப் பிடித்து, கதிரையை ஏற்றி, பொலிஷ் சாமான்களையும் ஒரு தகரப் பெட்டியில் தன் உடுப்புகளையும் ஏற்றிக்கொண்டு அல்லைப்பிட்டிக்குப் போய்விட்டாள். தமையன் வீட்டில், வலை காயப்போடும் கொட்டிலுக்குள் இருந்து தேய்த்துத் தேய்த்துப் பூசினாள். விடிய அதைக் கோயிலில் கொண்டுவந்து வைத்தாள். ஆயர் வந்து அமர்ந்தபோது அவருடைய வெள்ளை அங்கி அந்தக் கதிரையில் தெரிந்தது. சிலுவை மட்டும் இல்லை. அது இன்னும் மெசின் வயிற்றுக்குள்.

பூசை முடிந்ததும் சில்வெஸ்ரர் அவளிடம் போனார்.

"வீட்டை வாரும், மேரி."

"மேசையிலை சின்ன மெசின் இருக்கிற அண்டைக்கு வாறன்."

எவ்வளவு சின்ன நிபந்தனை! அவள் இல்லாத வீட்டில் சில்வெஸ்ரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. குசினிக்குள் போனால் அழுகை வந்தது, பட்டறைக்குள் போனாலும் வந்தது. ஒருநாள் காலை, இனி ஒருவரிடமும் கேட்பதில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிக்கொண்டு, காசை மடியில் கட்டி, யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அந்த பஸ் அல்லைப்பிட்டியால்தான் போகும். படலையடியில் நின்ற மேரிஜோசப்பின் அவரைக் கண்டாள். அவர் கையைத் தூக்கிக் காட்டிய விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. அவளுக்கும் அவர் இல்லாமல் இருக்க முடியவில்லை என்பதை ஏன் மறைக்க வேண்டும்? உள்ளே ஓடிப்போய் உடுப்புகளை மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டியைப் படலையடிக்குக் கொண்டுவந்து, அதன் மேல் குந்திக்கொண்டு, திரும்பி வரும் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள்.

பஸ்ஸில் சில்வெஸ்ரருக்குப் பக்கத்தில் இருந்தவர் ஊரவரான அப்புத்துரை. சில்வெஸ்ரர் வாயே திறக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். அப்புத்துரைதான் கேட்டார்.

"எங்கை, பட்டினத்துக்கோ?"

"ஓம். சின்ன மெசின் ஒண்டு வாங்க."

"ஓ, சின்னனோ? அதிலை இப்ப ரெண்டு விதம் வருதாம். வயர் உள்ளதும், பற்றறியிலை ஓடுறதும். எது எடுக்கப் போறீர்?"

பஸ் பண்ணைப் பாலம் தாண்டி நின்றதும் சில்வெஸ்ரர் இறங்கினார். எதிரே ஊருக்குப் போகும் பஸ் நின்றது. ஏறினார்.

அது அல்லைப்பிட்டியைத் தாண்டியபோது யன்னலோரத்தில் வெறுங்கையோடு இருந்து, பக்கத்துச் சீற்றில் இருந்தவரிடம் ஏதோ மும்முரமாக விசாரித்துக்கொண்டிருந்தார். படலைப் பக்கம் திரும்பவும் இல்லை. மேரிஜோசப்பின் எழும்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இவ்வளவையும் வாசித்துவிட்டீர்கள். இப்போது உங்கள் தொண்டைக்குள் ஒரு கேள்வி நிற்கிறதே, அது என்ன? அந்த மனுசி என்ன பாடுபட்டிருப்பாள் என்பதா? பொய் சொல்லாதீர்கள். "அது சரி, அந்த ரெண்டிலையும் எது திறம்?" என்பதுதானே?

எனக்குத் தெரியாது. ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். சில்வெஸ்ரருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க இடமிருக்கும்.