எல்லையைத் தள்ளி வைக்கிறவர்

எல்லையைத் தள்ளி வைக்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. எல்லையை மீறுகிறவரோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மீறுவது கெட்ட பழக்கம். இவர் எல்லைக் கல்லையே பிடுங்கி, நாலடி தள்ளி நட்டுவிட்டு, அதற்கப்புறம் பரம ஒழுக்கமாக அதற்குள்ளேயே நிற்பவர்.

பீன்யா தொழிற்பேட்டையில் பட்டறைக்கு ஒருவராவது தேறுவார். வீரபத்திரய்யா பட்டறையில் அவர் பெயர் ஹாலேஷ். கணினி சொல்படி இரும்பு வெட்டும் பெரிய இயந்திரத்தைத் தயார்ப்படுத்துகிற செட்டர்.

அந்த இயந்திரத்துக்கு இரண்டு சங்கதிகள் சொல்லித் தர வேண்டும். 'உன் மேஜை இதற்கு மேல் நகரக் கூடாது' என்பது ஒன்று. 'இந்தத் துண்டின் இந்த மூலைதான் ஜீரோ, இங்கிருந்து அளந்து வெட்டு' என்பது இன்னொன்று. ஜீரோ எடுப்பதை ஹாலேஷ் பூஜை மாதிரிச் செய்வார்: மூலையைத் துடைப்பார், ஊதுவார், ஒற்றைக் கண்ணால் பார்ப்பார், மறுபடி துடைப்பார். எல்லையா? அது இயந்திரம் செய்தவர்களின் பயந்த சுபாவம் என்பது அவர் கட்சி.

அன்று சாயங்காலம் புது வாடிக்கையாளர் முன்னால் முதல் துண்டை வெட்டிக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் காலியாகக் கிடக்கும் ஃபோர்மன் நாற்காலி ஹாலேஷுக்கு. முதலாளியே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். ஆனால் மேஜையின் நடுவில் பழைய வேலைக்குத் துண்டைக் கவ்விப் பிடித்த வைஸ் உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றி, மறுபடி நேர் பார்த்து முடுக்க யாருக்குப் பொறுமை? புதுத் துண்டை வலது ஓரத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார். அங்கேயே ஜீரோ எடுத்தார். பட்டனைத் தட்டினார்.

சிவப்பு விளக்கு. எல்லை தாண்டுகிறதாம்.

புரோகிராம் எழுதும் நாகவேணி எட்டிப் பார்த்தாள். "ஹாலேஷண்ணா, துண்ட நடுவுல வச்சு ஜீரோவ மறுபடி எடுங்க."

"சும்மா இரும்மா. இந்த மிஷினு புதுசா வண்டி ஓட்டக் கத்துக்கிறவன் மாதிரி. சிக்னலு கண்ணுல படுறதுக்குள்ள பிரேக்கு போடும்."

"அண்ணா, அந்தக் கடைசியில மேஜை போய் முட்டுற இரும்புக் கட்டை இருக்கு."

"அதுக்கும் முன்னாடி தாராளமா இடம் விட்டுத்தான் எழுதுவானுங்க. எனக்குத் தெரியாதா?"

எல்லை எழுதியிருக்கும் பக்கத்தைத் திரையில் திறந்தார். எண்ணை அழித்து, நாற்பது மில்லிமீட்டர் கூட்டிப் போட்டார். விளக்கு அணைந்தது. பார்த்தாயா என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

வாடிக்கையாளர் வந்தார், கையில் காபி கொடுத்தார்கள். முதல் மூன்று பக்கங்களை வெண்ணெய் வழிப்பதுபோல் வெட்டிற்று. வீரபத்திரய்யா, ஃபோர்மன் நாற்காலி இருந்த அறைப் பக்கம் திரும்பிப் புன்னகை செய்தார். நாலாவது பக்கத்துக்கு மேஜை வலது கோடிக்கு ஓடியது. ஹாலேஷ் எழுதிய எல்லைக்குள் இன்னும் இடம் இருந்தது. இரும்பில் இல்லை.

டங்!

காபி சட்டையில். முட்டிய வேகத்தில் உள்ளே மோட்டாரை மேஜையோடு இணைக்கும் கப்ளிங் வழுக்கி, இயந்திரத்துக்குத் தான் புறப்பட்ட இடமே மறந்துபோயிற்று. துடைத்துத் துடைத்து எடுத்த ஜீரோ எங்கோ காற்றில் நின்றது.

"ஏய் ஹாலேஷா, என்னய்யா இது?"

"மேஜைய கொஞ்சம் சின்னதா பண்ணிட்டானுங்க சார்."

வீரபத்திரய்யா அவரையே பார்த்தார். "ஃபோர்மன் விஷயத்த அடுத்த யுகாதிக்குப் பாக்கலாம்."

தள்ளி வைக்க முதலாளிகளுக்கும் தெரியும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் வைத்து, அந்தப் பத்தையும் மனசுக்குள் கழித்துக்கொண்டு பஸ்ஸை விட்டவர் நீங்கள் இல்லையே? நல்லது. அப்படியே குனிந்து, முடிந்தால், இடுப்பு பெல்ட்டைப் பாருங்கள். கடைக்காரன் கொடுத்தபோது ஐந்து ஓட்டை.

ஆறாவதை ஆணி வைத்துக் குத்தியது யார்?