பதினைந்து ஜெபமும் மூன்று சாவியும்

முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல வராதவன் லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்குப் போகக்கூடாது. அதிலும் திருவண்ணாமலையில் போகவே கூடாது. தீபத்துக்கு முந்தைய வாரம் முழுக்க அந்த ஒரு வார்த்தைதான் வேலை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. போனில் கேட்பவர்களிடம், "ரூம் இல்லைங்க, தீபம் முடிஞ்சி வாங்க" என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிடுவேன். நேரில் வந்து நின்றால் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விடுவேன். (ஒரு மனிதன் எவ்வளவு தண்ணீர்தான் குடிப்பான்?)

அந்த வருடம் தீபம் டிசம்பரில் வந்தது. என் மனைவி ஸ்டெல்லா என் தலையில் இன்னொரு வேலையையும் கட்டினாள். எங்கள் மகள் ஜெனிபருக்கு வேலூரில் ஒரு வரன் கூடி வந்திருந்தது. பையனின் அப்பா அவர்கள் ஊர் சர்ச்சில் ஜெபம் நடத்துகிறவர், ரொம்பக் கண்டிப்பு என்று கேள்வி. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்ததால் ஸ்டெல்லா சரியாகத் தூங்குவதே இல்லை. நவம்பர் கடைசியில் வரும் அந்திரேயா திருநாளில் ஆரம்பித்து, கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒரு சின்ன ஜெபத்தைத் தினமும் பதினைந்து தடவை சொன்னால் கேட்டது கிடைக்கும் என்று அவள் அக்கா சொல்லியிருந்தார்.

"பொண்ணைப் பெத்தவரு சொன்னாதான் நல்லதாம். ஒரு நாள் உட்டா கூட அவ்ளோதான், இப்பவே சொல்லிட்டேன்."

"நவநாள்னா ஒம்போது நாள்தானே ஸ்டெல்லா? இது ஏன் கிறிஸ்துமஸ் வரைக்கும் போவுது?"

"என்கிட்ட மட்டும் இதெல்லாம் நல்லா கேளுங்க. பேச வேண்டிய எடத்துல வாயே தொறக்காதீங்க."

அது உண்மைதான். தீபத்துக்கு மறுநாள் காலையில் பெண் பார்க்க வருகிறோம் என்று பையனின் அப்பா போனில் சொன்னபோது, அன்றைக்கு ஊர் எப்படி இருக்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். "சரிங்க, சரிங்க" என்றுதான் வந்தது. (தெரிந்தவர்கள் என்றால் போனில்கூட எனக்கு 'இல்லை' வராது.)

ஜெபம் சின்னதுதான். எண்ணுவதுதான் பாடு. விரல் விட்டு எண்ணினால் ஏழாவதில் போன் அடிக்கும். "ரூம் இல்லைங்க" சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினால், இது ஏழா, எட்டா, இல்லை நேற்றைய எட்டா என்று குழம்பிவிடும். ஜெபமாலையில் மணி பத்துப் பத்தாக இருக்கிறது. பதினைந்தில் நிறுத்தத் தெரியாமல் இருபதுக்குப் போய்விடுவேன். கூடுதலாகச் சொன்னதை மறுநாள் கழித்துக்கொள்ளலாமா என்று ஸ்டெல்லாவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

தீபத்தன்று காலையில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எங்கள் லாட்ஜில் காலி ரூம் சாவி சுவரில் உள்ள பலகையில் தொங்கும். தங்கியிருப்பவர்கள் வெளியே போகும்போது கொடுக்கும் சாவி என் மேசை டிராயரில் கிடக்கும். அன்று முக்கால்வாசிப் பேர் கோயிலுக்கும் கிரிவலத்துக்கும் போய்விட்டதால் டிராயர் நிறையச் சாவி, பலகை மொட்டை. ஒரு ஜெபம் சொன்னால் ஒரு சாவியை எடுத்துப் பலகையில் மாட்டுவது, பதினைந்து முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப டிராயரில் போட்டுவிடுவது. போன் அடித்தாலும் பலகை மறக்காது! இவ்வளவு அறிவு இத்தனை வருடம் எங்கே இருந்தது என்று எனக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது.

ஒன்பதோ பத்தோ மாட்டியிருப்பேன். தண்ணீர் வரவில்லை என்று மாடியிலிருந்து ஒருவர் கத்தினார். மோட்டார் போடப் பின்பக்கம் ஓடினேன். திரும்பி வந்தால் என் நாற்காலியில் முதலாளி.

"யோவ் தாசு, பலகை நெறைய சாவிய மாட்டி வச்சிக்கினு, வர்றவங்களை எல்லாம் ரூம் இல்லனு தொரத்திக்கினு இருக்கியா? நான் வந்து ஒக்காந்த ஒடனே மூணு ரூம் போச்சி பாரு!"

"அது வந்து... அது ஜெபம்ங்க முதலாளி."

"யாருய்யா அந்த ஜெபம்? அட்வான்ஸ் குடுத்துட்டாரா?"

நான் பதில் யோசிப்பதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. அந்த மூன்று ரூமையும் எடுத்திருந்த, சித்தூர்ப் பக்கத்துப் பெரிய குடும்பம் ஒன்று இறங்கி வந்தது. முன்னால் வந்தவர் ராஜம்மா என்ற அந்த வீட்டுப் பெரியம்மா. "ரூம்ல யாரோடதோ பேன்ட் தொங்குது சாமி! கட்டில் மேல பல்லு செட்டு இருக்குது!"

முதலாளிக்கு விஷயம் புரிந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். என் பக்கம் திரும்பி, "இவங்களுக்கு நீதான் எடம் காட்டணும். இல்லனா நாளைலேர்ந்து வராத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர்கள் வந்த வேனும் திரும்பிப் போயிருந்தது. ராஜம்மா சோபாவில் காலை நீட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். 'இல்லை' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எங்க வூடு வேங்கிக்கால்ல இருக்குதுங்க" என்று வந்துவிட்டது.

அவர்களை ஆட்டோக்களில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியபோது ஸ்டெல்லா என்ன சொன்னாள் என்பதை எழுத முடியாது. கடைசியில், "காலையில யாரு வராங்கனு ஞாபகம் இருக்குதா?" என்றாள்.

"அதுக்குள்ள கெளம்பிடுவாங்க."

எப்படிக் கிளம்புவார்கள்? மலை சுற்றி முடித்து விடியற்காலையில் வந்து படுத்தார்கள். கூடம், சமையலறை, வராந்தா எங்கும் கால்கள். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குக் கட்டிய கயிற்றில் ஈர வேட்டிகள். நெற்றி நிறைய விபூதியோடு ராஜம்மா வாசலில் உட்கார்ந்து தலை ஆற்றிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத நான் கண் சிவக்க வாளியோடு நின்றேன்.

கூட்டத்துக்குப் பயந்து மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். பையனின் அப்பா கேட்டருகே நின்று நட்சத்திரத்தைப் பார்த்தார், வேட்டிகளைப் பார்த்தார், ராஜம்மாவைப் பார்த்தார். கடைசியாக என்னிடம், "ஏங்க, இங்க அமலதாஸ் வீடு..." என்று ஆரம்பித்தார்.

"ரூம் இல்லைங்க, தீபம் முடிஞ்சி வாங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டேன். சொன்னது யாரிடம் என்று அடுத்த விநாடிதான் உறைத்தது. ஸ்டெல்லா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது இடமும் போய்விட்டது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

அவர் சிரிக்கவில்லை. பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சத்திரத்துல எடம் இல்லனா மாட்டுக் கொட்டாய் எதனா இருக்குதுங்களா? ஏசுவுக்கு அதான் கெடச்சிது."

"இல்லைங்க. ஸ்கூட்டர் ஷெட்டுதான் இருக்குது" என்றேன், நிஜமாகவே.

உள்ளே ஜெனிபர் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் அப்படிச் சிரிக்கக்கூடாதுதான். ஆனால் கேட்டுக்கு வெளியே பையனும் அதேபோலச் சிரித்துக்கொண்டிருந்தான். ராஜம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தூங்குகிறவர்களைக் காலால் ஓரம் தள்ளி, எங்கள் வீட்டுக்குள் எங்கள் சம்பந்தியை அவர்தான் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

தை முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. நிச்சயம் ஆன அன்று ஸ்டெல்லா, "தீபத்தன்னைக்கும் பதினஞ்சு முடிச்சீங்கதானே?" என்று கேட்டாள். மாட்டியது ஒன்பதா பத்தா, முதலாளி எடுத்துக் கொடுத்த மூன்றைக் கழிக்க வேண்டுமா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன்.

இப்போதும் மகளைப் பார்க்க வேலூர் போனால் சம்பந்தி வாசலை மறித்து நின்றுகொண்டு, "ரூம் இல்லைங்க, தீபம் முடிஞ்சி வாங்க" என்பார். ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே அவரைத் தாண்டி உள்ளே போய்விடுவாள். நானும் சிரிப்பேன். ஆனால் அவர் சொன்னது வேடிக்கைக்குத்தானா என்று தெரியாமல், பையோடு கொஞ்ச நேரம் வெளியிலேயே நிற்பேன்.