ஏழாம் வீட்டுப் புள்ளி

முதலாளி மகள் சண்முகப்பிரியாவின் ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுத்தால், ஏழாம் வீட்டில் கடுகளவு கரும்புள்ளி ஒன்று வந்து உட்கார்ந்தது. அசலில் அந்தக் கட்டம் சுத்தமாகக் காலி.

"இதென்ன பாலு, மாப்பிள்ளை வர்ற வீட்டுல?" என்றார் முதலாளி தனபால்.

பீளமேட்டில் அவருக்குப் பம்ப்செட் வார்ப்படம் ஊற்றும் பவுண்டரி. பாலுசாமி அங்கே பதினான்கு வருஷம் காய்ச்சிய இரும்பைத் தூக்கி ஊற்றியவன். முதுகெலும்பு தேய்ந்த பிறகு, பாவம் பார்த்து, ஆறு மாதமாக ஜெராக்ஸ் மிஷின் முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். ஃபேனுக்குக் கீழே நாற்காலி. அது போனால் மறுபடி உலைதான்.

கல்யாண புரோக்கர் காளிச்சாமி நாலு மணி அந்தியூர் பஸ்ஸுக்காக வாசலில் நின்றார். வெளிக்கடையில் எடுக்கத் தனபால் ஒத்துக்கொள்ளவில்லை. பெண்ணின் ஜாதகம் கண்டவன் கண்ணில் படக்கூடாதாம். காளிச்சாமி அதை நாலு ஜில்லாவுக்குத் தூக்கிப் போவது வேறு விஷயம்.

பாலுசாமி கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்தான். புள்ளி அசையவில்லை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். புள்ளியைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம் சேர்ந்துகொண்டது.

"புள்ளி போகலீன்னா பேப்பர நகத்தி வெச்சுப் பாருங்ணா," என்றாள் டைப்பிஸ்ட் ஜோவிதா. அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள். எந்த வீட்டில் எது விழுந்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

தாளைத் தலைகீழாக வைத்தான். புள்ளி லக்னத்தில் விழுந்தது. அது பெண்ணின் தலை. கொஞ்சம் நகர்த்தினால் எட்டாம் வீடு, மாப்பிள்ளையின் ஆயுள். தனபால் அந்தத் தாளைத் தன் கையாலேயே கிழித்தார். ஆறாம் வீடு வியாதி, பகை. பதினொன்று லாபஸ்தானம், அங்கே விழட்டும் என்று அவரே முடிவு செய்தார். பாலுசாமி இழுத்து இழுத்து வைத்துப் புள்ளியை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தான். தாளின் ஓரம் கண்ணாடியைத் தாண்டிவிட்டது.

"குரு எங்க பாலு?"

"வெளிய போயிட்டாருங்க."

கண்ணாடியைக் கழற்றி, வார்ப்படத்து மணலைச் சுரண்டும் தகட்டால் அடிப்பக்கம் சுரண்டினான். கை பழகிய வேலை. அப்போதுதான் தெரிந்தது, அது அழுக்கே அல்ல, கண்ணாடிக்குள்ளேயே இருந்த குமிழ். அடுத்து எடுத்த தாளில் புள்ளியும் இருந்தது, மேலிருந்து கீழாக ஒரு தடித்த கோடும் இருந்தது. சுக்கிரன் இரண்டாகப் பிளந்திருந்தார்.

மணி மூன்றே முக்கால். தனபால் போன் பேச உள்ளே போனார். பாலுசாமி முதலில் எடுத்த தாளையே உறையில் போட்டு ஒட்டிக் காளிச்சாமியிடம் கொடுத்தனுப்பினான். கடைசியாக ஒன்று சுத்தமாக வந்துவிட்டதென்று முதலாளியிடம் புளுகினான்.

வெள்ளிக்கிழமை காளிச்சாமி வாயெல்லாம் பல்லாக வந்தார். அந்தியூரில் அறுபது தறி, பன்னிரண்டு ஏக்கரா தோட்டம், ஒரே பையன் மனோஜ்குமார். வாக்கும் கொடுத்துவிட்டு வந்துவிட்டாராம்.

"பையனுக்கு ஏழாம் வீட்டுல ஒரு கரும்புள்ளிங்க. கிரகத்துப் பேர எழுதறதுக்கே ஜோசியர் பயந்துபோட்டாருன்னு பதினாறு எடம் தட்டிப்போச்சு. நம்ம அம்மணிக்கும் அதே லக்னம், அதே எடத்துல புள்ளி. தோஷத்துக்குத் தோஷம் சரியாப் போச்சுங்க."

தனபால் பீரோவைத் திறந்து அசலை எடுத்துப் பார்த்தார். கட்டம் காலி. பிறகு பாலுசாமியைப் பார்த்தார். வாக்கை மாற்றினால் சாதிசனம் காறித் துப்பும். மாற்றாவிட்டால் குற்றமில்லாத பெண் தோஷக்காரனுக்குப் போவாள்.

"ஒரு புள்ளையப் பெத்து வளத்தி, உம்பட கையில குடுத்தேன் பாரு," என்றார் மெதுவாக. "திங்கக்கெழமை உலைக்குப் போயிரு."

பாலுசாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தான்.

ஜோவிதா டைப் அடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்:

"ஏனுங் சார், அந்தப் பையன் ஜாதகத்தக் கரையான் அரிக்குதுன்னு, போன வருசம் காளிச்சாமியண்ணன் நம்ம மிஷின்லதானுங்க காப்பி எடுத்துட்டுப் போனாரு."