போருக்குப் போய் வந்த லாரி

மூன்று மாதத்துக்குள் என் லாரி போருக்குப் போய் வந்ததை ஆதாரத்தோடு நிரூபிப்பேன், முடியாவிட்டால் அதைப் பழைய இரும்புக்காரரிடம் என் கையாலேயே ஒப்படைப்பேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் செய்தேன். அப்போது என் தலைக்கு மேல் ஓர் ஈரப் போர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லாரியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். பழைய பட்டாள லாரி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தது. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு சர்க்கஸ் கம்பெனியை மூடியபோது, எல்லோரும் குதிரையையும் கூடாரத்தையும் விலை பேசிக்கொண்டிருக்க, நான் இதைப் பார்த்தேன். இதுவும் என்னைப் பார்த்தது. பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்கு அப்படிப் படபடக்கவில்லை. இதை என் மனைவியிடம் சொல்லியும் விட்டேன்; அதுதான் என் சாமர்த்தியம்.

வீட்டின் பின்முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். நின்றது. நின்றதுதான். முற்றத்தில் துணி உலர்த்தும் கொடி இருந்த இடத்தில் இப்போது லாரியின் மூக்கு இருந்தது. அன்று முதல் எங்கள் வீட்டுத் துணிகள் ஹாலில் காய்ந்தன. நான் இரண்டு துண்டுகளை விலக்கிக்கொண்டு பேப்பர் படித்தேன். விருந்தாளிகள் குனிந்து வந்தார்கள். நிமிர்ந்து வந்தவர்கள் முகம் கழுவிக்கொண்டு போனார்கள்.

வாஷிங் மெஷின் கதை தனி. அதன் தண்ணீர்க் குழாயைக் கழற்றி லாரியின் ரேடியேட்டருக்குப் பொருத்திப் பார்த்தேன். அளவெடுத்தது போலப் பொருந்தியது. திரும்ப மெஷினுக்கு மட்டும் பொருந்தவே இல்லை. அதன் பிறகு மனைவி கையால் துவைத்தாள். துவைக்கும் சத்தம் நாளுக்கு நாள் பலமாகிக்கொண்டே வந்தது. அடி என் சட்டைக்கு விழுகிறதா எனக்கு விழுகிறதா என்று சந்தேகமாக இருக்கும்.

தொழிலில் நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். இந்த ஊரில் பாதிப் பேருக்கு எதிரே இருப்பது தெரிவது என் புண்ணியம்தான். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு லாரியை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்திருந்தேன். யார் வந்தாலும் ஏற்றிக் காட்டுவேன்.

"பாத்தீங்களா, சுத்திலும் இருபத்திரண்டு கொக்கி. துப்பாக்கி மாட்டுறதுக்கு. தரையில நாலு ஓட்டை இருக்கே, அதெல்லாம் குண்டு பாய்ஞ்சது."

"நாலும் வட்டமா, ஒரே அளவுல இருக்கே?" என்று ஒருமுறை பக்கத்து வீட்டு நோட்டரி கேட்டார்.

"எதிரி அவ்வளவு குறி தவறாதவன் சார். இந்த நீலக் கறை, ரகசிய மை. வரைபடம் போட்டிருக்காங்க."

என் மனைவி இடுப்பில் வாளியோடு அந்தப் பக்கம் போவாள். நின்று கேட்பாள். "ஓகோ" என்பாள். போய்விடுவாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் "ஓகோ" சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்கு ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

சபதத்துக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை இரும்புக்காரர் வழக்கம்போல வாசலில் வந்து நின்றார். மாதம் ஒருமுறை வருவார். லாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். நோயாளியைப் பார்க்க வருகிறவர் சவப்பெட்டிக்கு அளவெடுத்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் எனக்கு.

"கொடுத்துடலாங்க," என்றாள் மனைவி.

"இது சரித்திரம்!"

"சரித்திரம்னா புஸ்தகத்துல இருக்கணும். முற்றத்துல எதுக்கு?"

"போருக்குப் போன வண்டி இது!"

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"நீங்க போருக்குப் போனீங்களா?"

"தினமும் உன்கூட..." என்று ஆரம்பித்து, பாதியில் விழுங்கினேன். அந்த வேகத்தில்தான் சபதம் வெளியே வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழைக்காலத்தில் மட்டும் கத்தும்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "சரி. நிரூபிச்சிட்டா?"

"வண்டி இங்கேயே இருக்கும். ஒரு அங்குலம் நகராது. பட்டாளத்துல எப்படி இருந்ததோ அப்படியே அதை மாத்துவேன்."

"அப்படியேவா?"

"அச்சு அசல்!"

"அங்க செஞ்ச வேலையை இங்கயும் செய்யுமா?"

"செய்யும்! நானே மேல ஏறி நின்னு செய்வேன்!"

"ஒருநாள் கூத்தா செஞ்சுட்டு இறங்கிடுவீங்க."

"தினமும் செய்வேன்!" தொடை தட்டினேன். மனக்கண்ணில் காக்கி உடுப்போடு லாரியின் மேல் விறைப்பாக நின்று தொலைநோக்கியால் எல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லை என்பது நோட்டரி வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்.

"எழுதிக் கொடுங்க," என்றாள்.

நோட்டரியைக் கூப்பிட்டோம். முத்திரையோடு வந்தார். அந்த மனிதருக்கு எதிலாவது முத்திரை குத்தாவிட்டால் தூக்கம் வராது. அவர் வாசித்துக்கொண்டே எழுதினார்: "மேற்படி வண்டி ராணுவத்தில் செய்த பணியை, மேற்படி கணவர், மேற்படி வண்டியிலேயே, நாள்தோறும், தம் கையால்... சிஸ்டர், இது போதுமா?"

"'எந்த முணுமுணுப்பும் இல்லாமல்'னு சேத்துக்குங்க சார்," என்றாள் மனைவி.

சேர்த்தார். குத்தினார். நான் கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து, இன்றைக்கும் பார்க்கிறேன்.

தேடல் ஆரம்பமானது. லாரியின் கதவில் ஓர் எண் இருந்தது. அதைக் குறிப்பிட்டு ராணுவ ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் போட்டேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்த எண்ணில் தங்களிடம் லாரி எதுவும் இருந்ததில்லை என்றும், ஒரு கோவேறு கழுதை இருந்ததாகவும், அது நல்ல முறையில் பணியாற்றி ஓய்வு பெற்றதாகவும் எழுதியிருந்தார்கள்.

"கழுதையோட நிறுத்திக்கலாமே," என்றாள் மனைவி.

சர்க்கஸ் மேனேஜரைத் தேடிப் பிடித்தேன். கதவில் இருந்த எண் கோமாளி வரைந்தது என்று அவர் சொன்னார். அவர் அந்த லாரியை ஒரு செங்கல் சூளைக்காரரிடம் வாங்கியிருந்தார். இரண்டு பஸ் மாறி சூளைக்காரரிடம் போனேன். அவருடைய அப்பாதான் ராணுவ ஏலத்தில் எடுத்தாராம். காகிதம் ஏதும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் ஞாபகம் இருக்கிறது என்றார்.

"வாங்கின புதுசுல அதுல ஏத்தின செங்கல் எல்லாம் வாசனையா இருந்துச்சு சார். வீடு கட்டினவங்க வந்து கேட்டாங்க."

வீட்டுக்கு ஓடி வந்தேன். "கேட்டியா! வாசனையாம்! யாரோ பெரிய தளபதி போயிருக்கார். செண்ட் போடுற தளபதி!"

"ஓகோ," என்றாள்.

கெடுவுக்கு இரண்டு வாரம் இருந்தது. என் கையில் இருந்ததெல்லாம் ஒரு கழுதையும் ஒரு வாசனையும்தான். இரும்புக்காரர் இப்போது டேப்போடு வந்தார். முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை அளந்து, எதையோ குறித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் நான் லாரியின் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். நாலு வருடமாகக் கடையிலிருந்து வந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். அதைத் துண்டு துண்டாக அறுப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பின்னால் சரக் சரக் என்று சத்தம். இறங்கிப் பார்த்தேன். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரோடு மனைவி லாரியின் பின்கதவுக்குக் கீழே குந்தியிருந்தாள்.

"என்ன பண்றே?"

"மேல பாத்தா பத்தாதுங்க. எதையும் அடியில தேய்ச்சுப் பாக்கணும்." ஏழு பூச்சு பெயிண்டுக்குக் கீழே ஒரு பித்தளைத் தகடு பளபளத்தது. எண் இருந்தது. அசல் எண்!

"என் ஃப்ரெண்டோட மாமா பட்டாளத்துல லாரி மெக்கானிக்கா இருந்தவர். டிப்போவை மூடினப்ப எரிக்கச் சொன்ன வண்டிப் புஸ்தகங்களை எல்லாம் மனசு கேக்காம வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டாராம். இந்த நம்பரைச் சொல்லிக் கேட்டுப் பாக்கட்டுமா?"

தோற்கப்போகிற எதிரியைக் கை தூக்கிவிடுகிறாளே! இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று அன்று முழுக்க நினைத்து உருகினேன்.

மெக்கானிக் பெரியவரிடம் புத்தகம் இருந்தது. நேரில் வந்து படித்துக் காட்டுகிறேன் என்றார். நான் தெருவையே அழைத்தேன். காக்கிச் சட்டை தைத்தேன், தொப்பி வாங்கினேன். மனைவியும் ஏதோ வாங்கி வந்தாள். ஒரு பெரிய தொட்டி, இரண்டு வாளி, ஒரு சுருள் நைலான் கயிறு. எதற்கு என்று கேட்டேன். "விழாவுக்குத்தாங்க" என்றாள். கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் கயிறு கட்டப்போகிறாள் என்று புரிந்துகொண்டேன்.

அன்று காலை முற்றம் நிறைந்திருந்தது. எண்பத்துநாலு வயதுப் பெரியவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பச்சை அட்டைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். இரும்புக்காரர் சுவரோரம் நின்றார். நான் லாரியின் மேல் நின்றேன்.

"இந்த வண்டி போருக்குப் போயிருக்கு," என்று ஆரம்பித்தார் பெரியவர்.

கைதட்டல்! தொப்பியைக் கழற்றி நாலு பக்கமும் வணங்கினேன். இரும்புக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினார். மனைவியைப் பார்த்தேன். அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரையும்விடப் பலமாக.

"எல்லைக்கு நாப்பது கிலோமீட்டர் பின்னால நின்னுது," என்று பெரியவர் தொடர்ந்தார். "நடமாடும் சலவை வண்டி, எண் மூன்று. பதினோரு வருஷ சர்வீஸ். துவைச்ச உருப்படி மொத்தம் நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்."

முதலில் நோட்டரி சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"சிரிக்காதீங்க," என்று அதட்டினார் பெரியவர். "மூணு வாரம் சேத்துல கிடந்தவனுக்கு ஒரு காய்ஞ்ச சட்டை கொடுத்துப் பாருங்க. பெரிய பெரிய ஆளுங்க அதைக் கையில வாங்கி மோந்து பாத்து அழுததை நான் பாத்திருக்கேன்."

சிரிப்பு அடங்கியது. துப்பாக்கி தூக்கவில்லை, சரி. ஆனால் போனது, நின்றது, வேலை செய்தது. நான் நினைத்ததைவிட என் லாரி பெரிய ஆள்தான். குனிந்து அதன் பக்கப் பலகையைத் தடவிக் கொடுத்தேன். மனைவியும் வந்து தடவிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, நைலான் கயிற்றின் ஒரு நுனியை முதல் கொக்கியில் கட்டினாள்.

"என்னம்மா பண்றே?"

"அச்சு அசல்னு சொன்னீங்களே."

இருபத்திரண்டு கொக்கியிலும் கயிறு ஓடியது. தொட்டி மேலே ஏறியது. நோட்டரி தம் பையிலிருந்து நகலை எடுத்து, "நாள்தோறும், தம் கையால், எந்த முணுமுணுப்பும் இல்லாமல்" என்று கூட்டத்துக்குப் படித்துக் காட்டினார்.

நான் குரலைத் தாழ்த்தினேன். "உனக்கு இது எப்பத் தெரியும்?"

"வண்டி வந்த அன்னிக்கே."

"எப்படி?"

"சுத்திலும் கொடி கட்டுற கொக்கி. தண்ணி போக நாலு ஓட்டை. தரையில சொட்டு நீலம். வாழ்க்கையில ஒரே ஒருநாள் துணி துவைச்சிருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எங்க கேட்டீங்க? சொல்லிட்டுல்ல இருந்தீங்க."

"சரி, இரும்புக்காரர்கிட்ட விட்டிருந்தா உனக்கு முற்றமாவது கிடைச்சிருக்குமே?"

"வண்டி போனா அடுத்த மாசம் பீரங்கி வாங்கிட்டு வருவீங்க. இதுன்னா துணியும் காயும், நீங்களும் கண்ணு முன்னால இருப்பீங்க." சொல்லிவிட்டு முதல் வாளியை மேலே நீட்டினாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. புத்தம்புதுக் காக்கிச் சட்டையின் கையை மடித்துவிட்டேன்.

இப்போது ஹால் காய்ந்துவிட்டது. விருந்தாளிகள் நிமிர்ந்து வருகிறார்கள். தினமும் காலையில் கடைக்குப் போகும் முன் நான் லாரியின் மேல் ஏறி நிற்கிறேன். நோட்டரி காம்பவுண்டுச் சுவருக்கு அப்பாலிருந்து சல்யூட் வைக்கிறார். "உருப்படியா ஏதாவது செய்யுங்க" என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனைவி அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

பெரியவர் அந்தப் பச்சைப் புத்தகத்தை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். கடைசியில் நாற்பது பக்கம் காலியாக இருந்தது. நேற்று சாயங்காலம் என் லாரியின் வீர வரலாற்றை இன்னொருமுறை படிக்கலாம் என்று திறந்தேன். காலிப் பக்கங்களில் மனைவியின் குண்டு குண்டான கையெழுத்து. கடைசி வரி இது: "இன்று உருப்படி இருபத்துமூன்று. காலர் அழுக்கு போகவில்லை. படைவீரர் முணுமுணுத்தார், போர்வை இரண்டும் மறுபடி துவைக்க உத்தரவு."