இந்தக் கதவில் நுழைந்து அந்தக் கதவில்

வாசல் ஒன்று இருந்தால் நுழைகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாசல் இரண்டு இருந்தால்தான் நுழைவேன் என்கிற இனம் வேறு. அதற்கு 'ஊடே போகிறவர்கள்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். இவர்கள் உட்கார மாட்டார்கள், உதவ மாட்டார்கள்; நீங்கள் தலை குனிந்து வேலை பார்க்கும்போது இந்தப் பக்கம் நுழைந்து, மேசையில் இருப்பதை அரை அடி நகர்த்தி, 'ஓஹோ' என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். பிறகு பார்த்தால் உங்கள் பேனா அவர்கள் பையில், அவர்கள் குடை உங்கள் மேசையில்.

ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை லேபுக்கு, கட்டியவர் செய்த பாவம், இரண்டு கதவுகள். ஸ்டோரிலிருந்து கேன்டீனுக்கு லேப் வழியாகப் போனால் இருபது அடி மிச்சம். அந்த இருபது அடிக்காகவே பிறந்தவர் ஸ்டோர்கீப்பர்.

லேபில் மைக்ரோஸ்கோப் பார்க்கிற அக்காவுக்கு ஒரு ஸ்லைடில் ஐநூறு செல் எண்ண வேண்டும். எண்ணும் கருவியில் செல் வகைக்கு ஒரு பொத்தான், டிக், டிக். முந்நூற்றுப் பன்னிரண்டில் பிடரியில் மூச்சு படும்.

"என்னம்மா, இன்னும் முடியலையா?"

"முடிஞ்சிருக்கும்ண்ணே. நீங்க வந்துட்டீங்க."

"நான் எங்கம்மா வந்தேன்? போயிட்டுல்ல இருக்கேன்."

எந்த இடத்தில் விட்டோம் என்று தெரியாது. திரும்ப ஒன்றிலிருந்து. கதவில் அறிவிப்பு ஒட்டினாள்; நின்று நிதானமாகப் படித்துவிட்டு உள்ளே வந்தார். ஸ்டூலைக் குறுக்கே போட்டாள், ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "யாரும்மா இத நடுவுல போட்டது?" என்று கேட்டார். ஆனால் ஒரு ரகசியம். அவர் திரும்பி வருவதற்குள் முடிக்க வேண்டுமே என்ற எரிச்சலில் அக்காவின் கை இரண்டு மடங்கு வேகமாக ஓடும். செத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பிடரியில் மூச்சு படவில்லை.

ஸ்லைடில் இருந்தது ஸ்டோர்கீப்பருடைய மகளின் எலும்பு மஜ்ஜை, ரத்தம் தயாராகிற இடம். காலெல்லாம் சிவப்புப் புள்ளிகள். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் பாதாளத்தில். மஜ்ஜைக்குள் கெட்ட செல் புகுந்துவிட்டதா, பிளேட்லெட் செய்கிற ராட்சத செல்கள் இருக்கின்றனவா? அதைத்தான் பார்க்க வேண்டும். திறந்திருந்த கதவுக்கு வெளியே, வாழ்க்கையில் முதல்முறையாக, அவர் நின்றுகொண்டிருந்தார்.

தொந்தரவே இல்லை. அக்காவுக்குக் கை ஓடவில்லை. நூறு எண்ண அரை மணி நேரம். எப்படியோ ஐநூறைத் தொட்டாள். கெட்டது ஒன்றுகூட இல்லை. ராட்சதர்களோ, திருவிழாக் கூட்டம். அதில் ஒன்றின் வயிற்றுக்குள் ஒரு வெள்ளை அணு, முழுசாக, கசங்காமல். அது இரையல்ல என்று அக்காவுக்குத் தெரியும். இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகிற ஆள். போகிற போக்கில் தன் தோலில் கொஞ்சம் விட்டுவிட்டு, ராட்சதனின் தோலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். அது வந்துபோனால் பிளேட்லெட் கூடுதலாக வருகிறது என்று எலிகளை வைத்துச் சோதித்தவர்கள் சொல்கிறார்கள்.

"பேனாவும் குடையும்," என்று முணுமுணுத்தாள். பிறகு, "அண்ணே, உள்ள வாங்க."

"வேணாம்மா. உனக்குத் தொந்தரவு."

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை! அக்கா ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"டாக்டர்தான் சொல்லணும், நான் வாயத் திறக்கக் கூடாது. வந்து பாருங்க."

குனிந்து பார்த்தார்.

"இந்தப் பெருசு எல்லாம்?"

"பிளேட்லெட் செய்யறவங்க. நெறைய இருக்காங்க," என்று திறக்கக் கூடாத வாய் சொல்லிவிட்டது.

"வயித்துக்குள்ள யாரு?"

"நீங்கதான்."

நெடுநேரம் பார்த்தார். லென்ஸ் ஈரமானது. மறு கதவு வழியாகப் போனார். பிளேட்லெட் பட்டறை நன்றாக ஓடுகிறது, சரக்கைத்தான் வெளியே உடம்பே உடைக்கிறது, அதற்கு மருந்து இருக்கிறது என்று சாயங்காலம் டாக்டர் சொன்னார். அக்காவின் பேனாவைக் காணோம். அவள் தேடவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். முன்பின் தெரியாத ஒரு வீட்டின் ரத்தச் சமாசாரத்துக்குள் முதல் வரியில் நுழைந்தீர்கள், உட்காரவில்லை, உதவவில்லை, இதோ கடைசி வரி வழியாகக் கிளம்புகிறீர்கள். நில்லுங்கள். சட்டைப் பையைக் காட்டிவிட்டுப் போங்கள்.