கனகலிங்கம் மறைத்த சாமான்

மூன்றாம் தடவை காய்ச்சிய பீர் புளித்திருந்தது. முதல் தடவை இனித்தது. இரண்டாம் தடவை போத்தலைத் திறந்ததும் பாதி கூரைக்குப் போனது.

கிறிஸ்தோப்பர் ஒரு கிளாஸை மனைவியிடம் நீட்டினார். மக்டலீன் ஒரு மிடறு குடித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"என்ன?"

"பரவாயில்லை."

"பரவாயில்லை எண்டால் குடியுமன்."

"தலையிடிக்குது."

முந்தின நாள் நண்பன் கனகலிங்கம் வீட்டில் அவளுக்குத் தலையிடிக்கவில்லை. உலகக்கிண்ண ஆட்டம் முடிவதற்குள் அவன் காய்ச்சிய பீரில் இரண்டு கிளாஸ் குடித்தாள். "இதுதான் பீர்" என்று வேறு சொன்னாள். கனகலிங்கம் சிரித்தான். அந்தச் சிரிப்பு கிறிஸ்தோப்பரோடு வீடு வரை வந்தது.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில், வீட்டில் பீர் காய்ச்சும் தமிழர் கிறிஸ்தோப்பரும் கனகலிங்கமும்தான். ஒரே கடையில் மால்ட் என்ற முளைத்த பார்லி வாங்கினார்கள். ஒரே அளவுப் பானை. கனகலிங்கத்தின் பீர் மட்டும் எப்போதும் ஒரே ருசி.

கிறிஸ்தோப்பர் வெட்கத்தை விட்டு அவனிடமே கேட்டார்.

"இதில மறைக்க என்ன மச்சான் கிடக்கு?" என்றான் கனகலிங்கம். எவ்வளவு மால்ட், எவ்வளவு நேரம், எந்த ஈஸ்ட், எல்லாம் சொன்னான். ஈஸ்ட் பொட்டலம் ஒன்றையும் கையில் வைத்தான்.

அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. இறைச்சிக்கறித் தூளின் பக்குவம் கேட்டால் யாழ்ப்பாணத்தில் எல்லாம் சொல்வார்கள், ஒரு சாமானைத் தவிர. கேட்டவளின் கறி ஒருநாளும் அப்படி வராது. இவ்வளவு தாராளமாகச் சொன்னவன் எதையோ விழுங்கியிருக்கிறான்.

"அவன் மறைச்சது மல்லிதான்," என்றார் கிறிஸ்தோப்பர். ஒரு பிடி போட்டார்.

மக்டலீன் பானையை எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இன்னும் சுடுது. ஈஸ்டை இப்ப போடாதேங்கோ."

"நீர் அங்கால தள்ளி நில்லும்."

"ஒருக்கா நான் பாக்கட்டே?"

"இது பெண்டுகளின்ர வேலையில்லை. கனகலிங்கத்தின்ர பானையில அவன்ர மனுசி கலாதேவி கை வைக்கிறாவே?"

"இல்லை. கலாதேவி வைக்கிறேல்லை."

"பாத்தீரே."

மல்லி போட்ட பீர் ரசம்போல மணத்தது. அப்படியானால் பெருஞ்சீரகம். அது இருமல் மருந்தாக வந்தது. அடுத்தது பனங்கட்டி. நிலவறையில் போத்தல்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. கீழ்வீட்டு ஜெர்மன் மனுசி பொலிசுக்குப் போன் அடித்தாள். இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். ஒருவர் மிஞ்சிய போத்தலில் கொஞ்சம் சுவைத்துப் பார்த்தார். அவரது முகத்தைப் பார்த்து மற்றவர் வேண்டாம் என்றுவிட்டார்.

கண்ணாடித் துண்டுகளை மக்டலீன் கூட்டி அள்ளினாள். கனகலிங்கத்தின் பீராயிருந்தால் அழுதிருப்பாள் என்று கிறிஸ்தோப்பர் நினைத்தார்.

சனிக்கிழமைகளில் அவள் கலாதேவி வீட்டுக்குப் போவது வழக்கம். தமிழ்ச் சங்கத்துக்கு ரோல்ஸ் பலகாரம் சுற்றுவார்கள்.

"போற இடத்தில கொஞ்சம் கவனிச்சுக்கொண்டு வாரும்," என்றார். "கடைசியா அவன் என்ன போடுறான் எண்டு."

"ஒண்டும் போடுறேல்லை. உங்களுக்குச் சொன்னதுதான்."

"உமக்கு வடிவாத் தெரியுமே?"

"வடிவாத் தெரியும்."

"நீரும் அவன்ர பக்கம்."

"நான் ஒருத்தற்ற பக்கமும் இல்லை. நீங்கள் கேட்டீங்கள், சொன்னன்."

அவள் அன்று போய்விட்டு வந்தபோது உடுப்பில் மால்ட் மணத்தது. குடித்துவிட்டு வருகிறாள். கிறிஸ்தோப்பர் இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

அடுத்த சனிக்கிழமை அவள் சப்பாத்துப் போடும்போது வாசலில் போய் நின்றார்.

"இண்டைக்கு அங்கை போகவேண்டாம்."

"ஏன்?"

"ரோல்ஸுக்கே போறீர்? அவன்ர பீருக்கெல்லோ போறீர்."

மக்டலீன் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "பீருக்குத்தான்."

"எனக்கு முன்னால சொல்ல வெக்கமில்லையே?"

"கேட்டால் சொல்லத்தானே வேணும்."

"நான் காய்ச்சினதில ஒரு கிளாஸ், ஒரேயொரு கிளாஸ் நீர் முழுசாக் குடிச்சிருக்கிறீரே?"

"என்னைப் பானைக்குக் கிட்ட விட்டிருக்கிறீங்களே?"

"குடிக்கிறதுக்குப் பானைக்குக் கிட்ட ஏன் வாறீர்?"

மக்டலீன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போய் கதிரையில் இருந்தாள்.

கிறிஸ்தோப்பருக்கு மனம் குளிர்ந்தது. பல மாதங்களில் முதல் வெற்றி. இனி அவள் தன் பீரைத்தான் குடித்தாக வேண்டும்.

தொலைபேசி அடித்தது. அவரே எடுத்தார். கலாதேவி.

"அண்ணை, அக்கா இன்னும் வெளிக்கிடேல்லையே? இவர் தண்ணியைக் கொதிக்க வைச்சுப்போட்டு முழிசிக்கொண்டு நிக்கிறார். அவ வராட்டில் இஞ்சை பீர் ஆர் காய்ச்சிறது?"