பம்பு நைனாவின் பிரஷர்

உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறுக்கும் காரணம் ஒரு வாஷர்தான் என்று சத்தியமாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் ராயபுரத்து பம்பு நைனா. குழாய் ஒழுகினால் வாஷர். மின்விசிறி முனகினால் வாஷர். எதிர்வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால்கூட, "உள்ள எங்கியோ வாஷர் போச்சு நைனா" என்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூர் தொழிற்சாலை ஒன்றில் அவர் பம்பு ஃபிட்டர், நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. போதாததற்கு அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். தப்பிக்கவே வழியில்லை. எல்லாரையும் "நைனா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பெயர் அவருக்கே ஒட்டிக்கொண்டது. அவருடைய ஞானஸ்நானப் பெயரைக் கேட்டால் மனைவி பிலோமினா அக்காவே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

ஓடுகிற பம்பின் மேல் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்பது அவர் வழக்கம். பேரிங் தேய்ந்திருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர்களுக்கும் வைத்தார். இருமிக்கொண்டே லீவு கேட்டு வந்த ஒருவனின் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "டூப்பு இருமல். பம்பு சோக்கா ஓடுது" என்று மேஸ்திரி முன்னாலேயே தீர்ப்பு சொன்னார். அவனுக்கு லீவும் போயிற்று, சட்டையில் கிரீஸ் கறையும் ஆயிற்று.

ஒருமுறை தொழிற்சாலையில் எல்லாருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நைனாவுக்குப் பார்த்த நர்ஸ் பதறிப்போய், "ஐயா, பிரஷர் ரொம்ப ஜாஸ்தி!" என்றார். நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பிரஷர் கம்மியானாத்தான் பேஜாரு. ஜாஸ்தினா தண்ணி மூணாவது மாடி வரிக்கும் ஏறும்மா!" என்று சொல்லிவிட்டு, கொடுத்த மாத்திரையை வாங்காமலே வந்துவிட்டார். டீக்கடையில் எல்லார் பிரஷரையும் விசாரித்து, தன்னுடையதுதான் அதிகம் என்று தெரிந்ததும் எல்லாருக்கும் டீ சொன்னார்.

சில வருஷம் கழித்து அவர் கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் சாயங்காலம் மட்டும் செருப்பு வார் இறுகியது. பிறகு காலையிலும் இறுகியது. கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, அப்படியே நின்றது. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். நைனா அதை டீக்கடையில் வித்தையாகக் காட்டினார்.

வித்தை அலுத்ததும் வைத்தியத்தில் இறங்கினார். "டேங்க் ரொம்பி வயியுது. இன்லெட்ட மூடினா முடிஞ்சிது மேட்டரு" என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். அதுவும் சென்னை மே மாதத்தில். ஆனால் பழைய சோறும் சுட்ட கருவாடும் மட்டும் மூன்று வேளையும் தவறவில்லை. நாக்கு வறண்டது, கால் வீங்கியது. ஒருநாள் பம்பு ரூமிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

இதெல்லாம் அவருக்குப் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் ஷூ. மகள் ஜெனியின் கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. கோட்டும் ஷூவும் போட்டு, அவள் கையைப் பிடித்துக் கோயில் பீடம்வரை அழைத்துப்போவேன் என்று அவள் பிறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர். புது ஷூ வந்தது. கால் பாதிக்குமேல் நுழையவில்லை.

"ஷூவ உள்பக்கமா லேசா கிரைண்டிங் போட்டா செரியாப்பூடும்" என்றார்.

பிலோமினா அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "படுத்தா மூச்சு முட்டுதுன்னு மூணு தலவாணி வெச்சிகினு தூங்குற. தலவாணியையும் கிரைண்டிங் போடுவியா? ஏந்திரி!" என்று ஆட்டோவில் ஏற்றினார். துணைக்கு நானும் போனேன்.

தண்டையார்பேட்டை டாக்டரம்மா பொறுமைசாலி. "உங்க இதயம் களைச்சுப் போயிருக்குங்க. இத்தனை வருஷமா ஏறின பிரஷரை எதிர்த்து அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சுபோச்சு. அதால ரத்தத்தை முன்னால தள்ள முடியலை. அதனால திரும்பி வர்ற ரத்தம் தேங்கி, அதுலேர்ந்து தண்ணி கசிஞ்சு கால்ல இறங்குது. நுரையீரலுக்கும் வருது, அதான் மூச்சு முட்டுது. சிறுநீரகம் வேற, ரத்தம் சரியா வரலியே, தண்ணி பத்தலை போலன்னு உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வெச்சுக்குது."

"நான்தான் தண்ணிய நிறுத்திட்டனே!"

"அதான் தலைசுத்தி விழுந்தீங்க. உப்பை நிறுத்தலையே. மழைக்காலத்துல வீட்டு உப்பு ஜாடி என்ன ஆகும்?"

"தண்ணி வுட்டுக்கும் டாக்டரம்மா" என்றார் பிலோமினா அக்கா.

"அதேதான். உப்பு இருக்கிற இடத்துல தண்ணி நிக்கும். தண்ணி நான் சொல்ற அளவு. கருவாடு கிடையாது."

நைனா குனிந்து கணுக்காலைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார்: "அப்போ வாஷர் இல்லியா?"

பிரஷருக்கும், தேங்கிய தண்ணீர் வெளியேறவும் மாத்திரை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு ரகசியமே இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு முறை கழிவறையிலிருந்து வந்ததும், "டிரெய்னேஜ் வால்வு தொறந்துகிச்சு நைனா!" என்று மாடியைப் பார்த்துக் கத்துவார். கருவாடு வாசனை வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவார். தலையணை மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாயிற்று. கல்யாணத்தன்று காலையில் கீழேயிருந்து ஒரு கூச்சல். "பூந்துச்சு! ஷூ பூந்துச்சு!" பாதித் தெரு வாசலுக்கு வந்துவிட்டது.

கோயில் வாசலில் பேண்டு வாத்தியம் முழங்கியது. ஜெனி வெள்ளைப் புடவையில் நின்றாள். அதுவரை குதித்துக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று வெளிறிப்போய் என்னை ஓரமாக இழுத்தார். கோட்டுக்குள்ளிருந்து அந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"நம்ம பம்ப நம்மளே கேக்க முடியாது நைனா. நீ கேளு. பீடம் வரிக்கும் தாங்குமா? பாதியில நின்னுட்டா கொயந்த தனியா நிப்பா."

கூட்டமே பார்க்க, நான் முனையை அவர் சட்டையில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தினேன்.

"சோக்கா ஓடுது நைனா. போ" என்றேன்.

அவர் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, ஷூ சரக் சரக்கென்று ஒலிக்க, பீடம்வரை போய்ச் சேர்ந்தார். உண்மையில் அந்த ஸ்க்ரூடிரைவரில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டதெல்லாம் என் நெஞ்சு அடித்துக்கொண்டதுதான்.